ஒட்டுத்துணியில் ஒரு நட்பு

(நம் பள்ளியின் பரிசளிப்பு விழாவில் ஆசிரியை ஒருவர் ஆற்றிய உரை)

 

'மாணவரும் நட்பும்' என்னும் தலைப்பில் சிறிது நேரம் பேச வேண்டும் என்று தலைமையாசிரியர் அவர்கள் கேட்டுக்கொண்டார்கள். நட்பைப் பற்றித் திருவள்ளுவர் முதற்கொண்டு பெரியவர்கள் எத்தனையோ சொல்லிவிட்டார்கள். பயிற்சிச் சான்றிதழ் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு பிள்ளைகளோடு மல்லுக்கட்டும் ஓர் ஆசிரியை நான். அதற்கு மேல் என்ன சொல்லிவிடப் போகிறேன்? ஆகவே, ஒரு துணியைப் பற்றி மட்டும் பேசிவிட்டு உட்கார்ந்துவிடுகிறேன்.

மண்டபத்தின் இடப்பக்கம் கைவேலைப் பொருள்கள் வைத்திருக்கும் மேசையைப் பார்த்திருப்பீர்கள். அதன் நடுவில் கோணல்மாணலாக, பல நிறத் துண்டுகளை ஒட்டுப் போட்டுத் தைத்த சின்னப் போர்வை ஒன்று விரித்து வைக்கப்பட்டிருக்கிறது. "இது என்ன டீச்சர், கால் மிதியா?" என்று ஒரு தாய் என்னிடமே கேட்டார். அவரைக் குறை சொல்ல எனக்கு உரிமையில்லை. நானே அதை அதைவிடக் கேவலமாக நடத்தியவள்தான்.

நடந்ததைச் சொல்கிறேன். ஆறாம் ஆண்டுப் பிள்ளைகளுக்குத் தசமக் கணக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். கடைசி வரிசையில் ஒரு மாணவி தலையைக் குனிந்தபடியே இருந்தாள். அருகில் போய்ப் பார்த்தால், மேசைக்குக் கீழே ஊசியும் நூலுமாக ஏதோ தைத்துக்கொண்டிருக்கிறாள். எனக்கு வந்த கோபத்தில் துணியைப் பிடுங்கினேன். "கணக்கில் ஐம்பது எடுக்கத் துப்பில்லை, இதில் தையல் வேறா?" என்று வகுப்பே கேட்கும்படி திட்டினேன். துணியை என் மேசை இழுப்பறையில் போட்டுப் பூட்டினேன். அந்தப் பிள்ளை அழவுமில்லை, கெஞ்சவுமில்லை. அன்றே எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை.

ஒரு வாரம் கழித்து, கரும்பலகை துடைக்க வந்த பையன் ஒருவன் மெதுவாகச் சொன்னான்: "டீச்சர், அது அவளுக்கு இல்ல டீச்சர். அவ கூட்டாளி வீட்டுல கிள்ளானுக்கு மாறிப் போறாங்க. அவங்கப்பாவுக்கு அங்க வேலை கெடைச்சிருச்சு. அவளுக்குக் குடுக்கத்தான் தைச்சா. இன்னும் ரெண்டு வாரந்தான் டீச்சர் இருக்கு."

இழுப்பறையைத் திறந்து அந்தத் துணியை அப்போதுதான் ஒழுங்காகப் பார்த்தேன். அவள் தீபாவளிச் சட்டையின் கைப்பகுதி, அம்மாவின் பழைய ரவிக்கை, தம்பியின் நீலக் காற்சட்டை, பாட்டி கட்டியிருந்த சுங்கடிச் சேலையின் முந்தானை என்று துண்டு துண்டாக இருந்தன. ஒவ்வொரு துண்டின் ஓரத்திலும் மஞ்சள் நூலால் சங்கிலித் தையல். ஒரு துண்டில் இரண்டு பெண்பிள்ளைகள் கைகோத்து நிற்பது போல ஒரு படம். கண் இருந்த இடத்தில் இரண்டு புள்ளி, அவ்வளவுதான். அன்று எனக்கு மதியச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் வகுப்பின் முன்னால் நின்று அந்தப் பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்டேன். ஆசிரியர் மன்னிப்புக் கேட்டால் மரியாதை போய்விடும் என்று பயப்படுகிறவர்களுக்குச் சொல்கிறேன், போகவில்லை. அதற்கடுத்த நாள் வகுப்பில் இருந்த அத்தனை பிள்ளைகளும் வீட்டிலிருந்து ஆளுக்கொரு துண்டு கொண்டு வந்துவிட்டார்கள். ஆண்பிள்ளைகளும் ஊசி பிடித்தார்கள். விரலில் குத்திக்கொண்டார்கள், ஒருவரையொருவர் கேலி செய்துகொண்டார்கள், ஆனால் தைத்து முடித்தார்கள். அவரவர் துண்டில் அவரவர் பெயர். கிள்ளானுக்குப் போன அந்தப் பிள்ளை இன்று தன் பெற்றோருடன் இங்கே வந்திருக்கிறாள். போர்வையை இந்த ஒரு நாளுக்கு நமக்கு இரவல் கொடுத்திருக்கிறாள். மாலையில் திரும்ப எடுத்துக்கொண்டு போய்விடுவாள்!

பெரியோர்களே, "கோணல்மாணல்" என்று நான் இகழ்ந்த இந்தத் தையலுக்கு உலகத்தில் ஒரு பெயர் உண்டு என்பதைப் பிறகுதான் தேடிப் படித்துத் தெரிந்துகொண்டேன். மேல்நாட்டில் இதைக் 'கிரேஸி குவில்ட்' என்கிறார்கள். பைத்தியக்காரப் போர்வை என்று வேடிக்கையாகச் சொல்லலாம்! சதுரம், முக்கோணம் என்று அளவெடுத்து வெட்டாமல், கிடைத்த துண்டைக் கிடைத்த வடிவிலேயே பொருத்துவது இதன் முறை. முதலில் அடியில் ஒரு பழைய துணியை விரிக்க வேண்டும். அதன் மேல் துண்டுகளை ஒன்றன் ஓரம் இன்னொன்றை மூடும்படி அடுக்கி, விளிம்பை உள்ளே மடித்துத் தைக்க வேண்டும். பிறகு சேருமிடத்தை எல்லாம் பூத்தையலால் மறைக்க வேண்டும். ஒட்டுப் போட்ட இடந்தான் இதில் அழகு பெறும் இடம். சென்ற நூற்றாண்டுக்கும் முந்தைய நூற்றாண்டில், 1876ஆம் ஆண்டு அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் ஒரு பெரிய பொருட்காட்சி நடந்தது. அங்கு வைத்திருந்த ஜப்பானியக் கைவினைப் பொருள்களின் ஒழுங்கற்ற அழகு அந்நாட்டுப் பெண்களைக் கவர்ந்தது. அதன் பின் இந்த வகைப் போர்வை வீட்டுக்கு வீடு பரவியது என்கிறார்கள். ஊரை விட்டுப் போகிறவர்களுக்குத் தோழிகள் சேர்ந்து ஆளுக்கொரு துண்டில் பெயரைத் தைத்து, போர்வையாக்கிக் கொடுத்து அனுப்பும் வழக்கமும் அங்கே இருந்தது.

இதெல்லாம் வெள்ளைக்காரர் வழக்கம், நமக்கென்ன என்று நினைக்காதீர்கள். வங்காளத்தில் பழைய சேலைகளை அடுக்கி, அந்தச் சேலைக் கரையிலிருந்தே உருவிய நூலால் தைத்துக் 'காந்தா' என்ற போர்வை செய்கிறார்கள். தமிழ்நாட்டில் தேர்த் திருவிழாவுக்குப் போனவர்கள் தேரில் தொங்கும் தொம்பையைப் பார்த்திருப்பார்கள். அதுவும் வண்ணத் துணியை வெட்டி, துணி மேல் துணியாக வைத்துத் தைத்ததுதான். அவ்வளவு தூரம் போவானேன்? நம்மில் பலர் அம்மாவின் பழைய சேலையில் கட்டிய தூளியில் தூங்கி வளர்ந்தவர்கள். பால்மரம் வெட்டிய நம் முன்னோர் கோப்பையில் காய்ந்து ஒட்டிய ஒட்டுப்பாலைக்கூட வீணாக்கியதில்லை. அதைப் பிய்த்தெடுத்து நிறுத்துப் போட்டார்கள். அந்தக் கைகளுக்கு ஒட்டுத்துணியின் அருமையை நான் சொல்லித் தர வேண்டியதில்லை.

இனி, இந்தச் சின்னப் போர்வையைப் பார்த்ததும் என் நினைவுக்கு வந்த வேறொரு போர்வையைப் பற்றிச் சொல்ல வேண்டும். அது நம் ஊரோடு ஒட்டிய கதை.

1942ஆம் ஆண்டு சனவரி 7ஆம் நாள். விடிவதற்கு முன்பே ஜப்பானியரின் டாங்கிகள் துரோலாக் பக்கமிருந்து பெருஞ்சாலை வழியாக நம் சிலிம் ரிவருக்குள் பாய்ந்தன. இங்கே நின்று தடுத்தவர்களில் பெரும்பாலோர் இந்தியாவிலிருந்து வந்த சிப்பாய்கள். பஞ்சாபிகள், கூர்க்காக்கள், ஐதராபாத் படையினர் இருந்தார்கள். ஸ்காட்லாந்துப் படையினரும் இருந்தார்கள். சில மணி நேரத்தில் எல்லாம் முடிந்துவிட்டது. சிலிம் ஆற்றுப் பாலமும் பறிபோனது. நாம் நாள்தோறும் மோட்டார் சைக்கிளில் போகிற அதே பாதையில்தான் இந்தச் சண்டை நடந்தது. சிலிம் ரிவரில் அணை உடைந்த பிறகு கோலாலம்பூர் சனவரி 11ஆம் நாள் விழுந்தது. சிங்கப்பூர் பிப்ரவரி 15ஆம் நாள் சரணடைந்தது.

சிங்கப்பூர் விழுந்ததும், அங்கே அகப்பட்ட வெள்ளைக்காரக் குடும்பங்களைச் சாங்கி சிறையில் அடைத்தார்கள். அது 600 கைதிகளுக்காக 1936இல் கட்டி முடித்த சிறை. அதற்குள் ஆயிரக்கணக்கானவர்களைத் திணித்தார்கள். பெண்களும் பிள்ளைகளும் ஒரு பக்கம், ஆண்கள் இன்னொரு பக்கம். கணவன் உயிரோடு இருக்கிறானா என்று மனைவிக்குத் தெரியாது. மகள் எங்கே என்று தகப்பனுக்குத் தெரியாது.

அந்தச் சிறைக்குள் எலிசபெத் என்னிஸ் என்ற தாதி ஒருவர் பெண்பிள்ளைகளைச் சேர்த்துச் சாரணியர் குழு ஒன்றை அமைத்தார். சிங்கப்பூர் விழுவதற்குச் சில நாள்களுக்கு முன்தான் அவருக்குத் திருமணம் நடந்தது. கணவர் ஒரு பக்கம் கைதி, இவர் ஒரு பக்கம் கைதி. தன் துயரத்தை ஓரமாக வைத்துவிட்டுச் சிறை முற்றத்தின் ஒரு மூலையில் வாரம் ஒருமுறை பிள்ளைகளைக் கூட்டி உட்கார வைத்தார். அவர் பிறந்தநாளுக்கு என்ன கொடுப்பது? கடையில்லை, காசில்லை. எட்டு வயது முதல் பதினாறு வயது வரையுள்ள சுமார் 20 பிள்ளைகள் ஒரு முடிவுக்கு வந்தார்கள். கிழிந்த உடைகளிலிருந்து துண்டு சேர்த்தார்கள். நூல் இல்லாததால் பழந்துணியிலிருந்தே இழை உருவினார்கள். அறுகோணமாக வெட்டிய துண்டுகளைப் பூப்போலச் சேர்த்து, தங்கள் பெயர்களையும் தைத்து, அவருக்குத் தெரியாமலே ஒரு போர்வை செய்தார்கள். அந்தப் போர்வை இன்றும் லண்டன் மாநகரில் போர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பிள்ளைகளின் பெயர்களும் அதில் இருக்கின்றன.

அதே சிறையில் பெரியவர்களும் தைத்தார்கள். எத்தல் மல்வேனி என்ற கனடா நாட்டுப் பெண்மணி செஞ்சிலுவைச் சங்கத்தின் சார்பில் முன்னின்றார். ஒவ்வொரு பெண்ணும் ஒரு சிறு சதுரத் துணியில் தன்னைப் பற்றி ஏதாவது தைக்க வேண்டும் என்று ஏற்பாடு. ஒரு போர்வைக்கு 66 சதுரங்கள். இப்படி மூன்று போர்வைகள். ஒன்று காயம்பட்ட ஆங்கிலேயச் சிப்பாய்களுக்கு, ஒன்று ஆஸ்திரேலியச் சிப்பாய்களுக்கு. மூன்றாவது யாருக்குத் தெரியுமா? காயம்பட்ட ஜப்பானியச் சிப்பாய்களுக்கு! அப்படி ஒன்று செய்தால்தான் மற்ற இரண்டையும் வெளியே அனுப்ப அனுமதி கிடைக்கும் என்ற சாமர்த்தியமும் அதில் இருந்திருக்கலாம். ஆனாலும் அதன் பின்பக்கத்தில், உங்கள் துன்பத்துக்கு எங்கள் அனுதாபம் என்ற பொருளில் எழுதியிருந்தார்கள். தங்களைப் பூட்டி வைத்தவனின் காயத்துக்கும் இரங்குவதற்கு எவ்வளவு பெரிய மனம் வேண்டும்! பூவும் வீடும் பெயருமாகத் தைத்த அந்தச் சதுரங்கள் இராணுவ மருத்துவமனைக்குப் போனபோது, தம் மனைவியின் பெயரைத் துணியில் கண்டுதான் அவள் உயிரோடு இருப்பதைத் தெரிந்துகொண்ட ஆண்கள் இருந்தார்கள். அந்த மூன்றில் ஒன்று பிரிட்டனிலும் இரண்டு ஆஸ்திரேலியாவிலும் பாதுகாக்கப்பட்டு வருகின்றன.

தாய்மார்களே, இதைப் படித்து முடித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. சாங்கியில் அவர்கள் பெயரைத் தைத்த அதே காலத்தில் நம் தோட்டங்களில் என்ன நடந்தது?

ஜப்பான்காரன் காலம் என்று சொன்னால் நம் வீட்டுக் கிழவிகள் மரவள்ளிக்கிழங்கைப் பற்றித்தான் முதலில் சொல்வார்கள். அடுத்து, துணியைப் பற்றிச் சொல்வார்கள். மாற்றுத் துணி இல்லாமல் கோணிச் சாக்கை உடுத்திக்கொண்ட காலம் அது. என் அப்பாவைப் பெற்ற பாட்டிக்கு அப்போது பத்து வயது. அவருக்கு ஓர் அண்ணன். பதினேழோ பதினெட்டோ வயதிருக்கும். 1943இல் சயாமுக்கு ரயில் பாதை போட ஆள் சேர்த்தபோது, அவரும் லாரியில் ஏறிப் போனார். திரும்பி வரவில்லை. வீட்டில் அவர் விட்டுப்போனது ஒரு சட்டை. கொள்ளுப்பாட்டி அதை உடுத்தவும் கொடுக்கவில்லை, கிழித்துப் போடவும் மனம் வரவில்லை. இருந்த கந்தல்களோடு அந்தச் சட்டையையும் சேர்த்து, சாக்குத் தைக்கும் ஊசியால் ஒரு விரிப்புத் தைத்து வைத்துக்கொண்டார். அது பாட்டிக்கு வந்தது. பாட்டி அதைத் தகரப் பெட்டியின் அடியில் வைத்திருந்தார்.

தோட்டத்தை விட்டு நாங்கள் டவுனுக்கு வீடு மாறியபோது எனக்குப் பன்னிரண்டு வயது. பெட்டியைக் காலி செய்யும் வேலை என்னுடையது. அழுக்கேறிய அந்தத் துணியை எடுத்து, புது வீட்டுத் தரையைத் துடைத்தேன். பாட்டி வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். திட்டவில்லை. "அதுல எங்கண்ணன் சட்டை இருந்துச்சுடி" என்று மட்டும் சொன்னார். கசக்கிக் காயப்போட்டுப் பார்த்தேன். நூல் விட்டு நார் நாராகப் போய்விட்டது.

பாட்டி இறந்த பிறகு ஒருநாள், அந்த அண்ணனின் பெயர் என்ன என்று வீட்டில் கேட்டேன். யாருக்கும் தெரியவில்லை. பாட்டிக்கு அவர் "அண்ணன்". கொள்ளுப்பாட்டிக்கு அவர் "தம்பி". லயத்தில் அவரைக் "குட்டை" என்று கூப்பிட்டார்களாம். பெரட்டில் கங்காணி எந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாரோ, அந்தப் பெயர் எங்கள் குடும்பத்தில் இன்று ஒருவருக்கும் தெரியாது.

சயாம் பர்மா ரயில் பாதை 415 கிலோமீட்டர் நீளம். 1943 அக்டோபரில் அது முடிந்தது. அதில் மாண்ட போர்க் கைதிகளுக்குத் தாய்லாந்தில் காஞ்சனபுரியில் ஒரு கல்லறைத் தோட்டம் இருக்கிறது. ஏறத்தாழ 7,000 பேர் அங்கே அடங்கியிருக்கிறார்கள். வரிசை வரிசையாகக் கல், பெரும்பாலான கற்களில் பெயர். அவர்களை அப்படிப் போற்றுவது முறைதான். மலாயாத் தோட்டங்களிலிருந்து போன நம்மவர்களும் பல்லாயிரம் பேர். காலராவிலும் மலேரியாவிலும் பட்டினியிலும் கொத்துக் கொத்தாக மாண்டார்கள். அவர்களுக்கு அப்படிப் பெயர் பொறித்த கற்கள் இல்லை. எழுதப் படிக்கத் தெரியாத தாய்மார்கள் அவர்களை நெஞ்சில் வைத்திருந்தார்கள். அந்தத் தாய்மார்களும் போய்விட்டார்கள்.

இதைச் சொல்லி உங்களை அழ வைப்பதற்காக நான் இங்கே நிற்கவில்லை. நல்ல நாளில் பிள்ளைகள் பரிசு வாங்கக் காத்திருக்கிறார்கள். ஒரே ஒரு வேண்டுகோள் வைக்கத்தான் இவ்வளவும் சொன்னேன்.

ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. லயங்கள் பல இடிந்தன. ஒரே தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்கள் இன்று கிள்ளானிலும் ஜொகூரிலும் சிங்கப்பூரிலும் சிதறிக் கிடக்கிறோம். நம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி, தோழியைப் பிரியப் போகிறோம் என்று தெரிந்தவுடன் யாரும் சொல்லிக்கொடுக்காமலே ஊசியை எடுத்தாள். அவளுக்கு இருந்த அறிவு பெரியவர்களாகிய நமக்கும் வர வேண்டும்.

வருகிற ஆண்டுப் பரிசளிப்பு விழாவுக்குள் நம் பள்ளிக்காக ஒரு போர்வை தைப்போம். தலைமையாசிரியரிடம் அனுமதி வாங்கிவிட்டேன். ஒவ்வொரு குடும்பமும் ஒரு துண்டுத் துணி கொடுக்க வேண்டும். பட்டு வேண்டாம், புதுத்துணி வேண்டாம். தாத்தாவின் கைலி, பாட்டியின் சேலை, அப்பா பால் வெட்டப் போட்டுக்கொண்டு போன காக்கிச் சட்டை, எதுவானாலும் சரி. கந்தையானாலும் கசக்கிக் கொடுங்கள், அது போதும்! ஒரு சாண் அளவு இருக்கட்டும். அதில் உங்கள் குடும்பத்தில் இந்த மண்ணுக்கு முதலில் வந்தவர் பெயரையோ, நீங்கள் மறக்கக் கூடாது என்று நினைக்கும் ஒருவர் பெயரையோ பென்சிலால் எழுதித் தாருங்கள். எழுத வராவிட்டால் வாயால் சொல்லுங்கள், பிள்ளைகள் எழுதிக்கொள்வார்கள். ஐந்தாம் ஆண்டு, ஆறாம் ஆண்டுப் பிள்ளைகள், ஆண் பெண் இரு பாலாரும், அதன் மேல் தைப்பார்கள். அந்தப் பெயருக்குரியவர் யார், எங்கிருந்து வந்தார், என்ன வேலை செய்தார் என்பதை ஒரு தடித்த நோட்டுப் புத்தகத்தில் எழுதிப் பள்ளி நூலகத்தில் வைப்போம்.

மாணவச் செல்வங்களே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. இன்று வீட்டுக்குப் போனதும் பரிசுக் கோப்பையை மேசையில் வைத்துவிட்டு, தாத்தா பாட்டியிடம் போய் உட்காருங்கள். "தாத்தா, உங்க பேரு என்ன? உங்க அப்பா பேரு என்ன? உங்க அண்ணன் தம்பி பேரெல்லாம் என்ன?" என்று கேளுங்கள். கூப்பிடும் பெயர் வேறு, பதிவுப் பெயர் வேறு. இரண்டையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். நான் கேட்காமல் விட்டேன்.

போர்வைக்கு முதல் துண்டை நானே தைத்துக் கொண்டு வந்திருக்கிறேன். இதோ, பாட்டியின் வெள்ளைச் சேலைத் துண்டு. பெயர் இருக்க வேண்டிய இடத்தில், "பாட்டியின் அண்ணன், சயாம், 1943" என்றுதான் என்னால் தைக்க முடிந்தது. உங்கள் துண்டுகளிலாவது பெயர் இருக்கட்டும்.